எம்.எல்.ஏ.வின் கையில் 152 ஓட்டு

ஜனாதிபதி திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதியுடன் முடிகிறது. அந்தத் தேதிக்கு முன்பாகவே அடுத்த ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. 2026-ம் ஆண்டுத் தேர்தலில் அமையும் கேரள சட்டசபையின் உறுப்பினர்களும், தமிழ்நாடு சட்டசபையின் உறுப்பினர்களும் இதில் ஓட்டுப் போடுவார்கள். பார்லிமெண்டின் இரு சபைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர்ந்திருப்பவர்களும் ஓட்டுப் போடுவார்கள்.

"அதில் நமக்கு ஓட்டு இல்லையே, யார் வந்தால் என்ன?" என்று சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தொழிலாளியும், தம்பானூரில் சனிக்கிழமை மாலை நாகர்கோவில் ரெயிலுக்குக் காத்திருக்கும் குமாஸ்தாவும் சொல்வது வழக்கம். அப்படியே அக்கறை காட்டினாலும், "நிற்பவர் நம்மவரா?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு நினைப்பும் சரியல்ல. இந்தத் தேர்தலில் சாதாரணக் குடிமகனுக்குப் பங்கு உண்டு. "நம்மவர்" என்ற உரைகல்லோ, கடந்த காலத்தில் மூன்று முறை சோதிக்கப்பட்டுத் தேறாமல் போனது.

ஓட்டு யாருடையது?

எம்.எல்.ஏ. போடும் ஓட்டுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 1971-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி கேரளத்தின் ஜனத்தொகை 2 கோடியே 13 லட்சத்து 47 ஆயிரத்து 375. இதை 140 எம்.எல்.ஏ.க்களால் வகுத்து, வரும் தொகையை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது 152. கேரளத்தில் ஒரு எம்.எல்.ஏ.யின் ஓட்டு மதிப்பு இதுதான். 140 பேருக்கும் சேர்த்து 21,280. இதே கணக்கில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. அங்குள்ள 234 பேருக்கும் சேர்த்து 41,184. உத்தரபிரதேசத்தில் ஓர் எம்.எல்.ஏ.க்கு 208, சிக்கிமில் 7.

1971-ம் ஆண்டுக் கணக்கை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி எழலாம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நிறைவேற்றிய மாநிலங்களுக்கு அதனாலேயே செல்வாக்குக் குறைந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். 2026-ம் ஆண்டுக்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கின் விவரங்கள் வெளியாகும்வரை இந்த ஏற்பாடு நீடிக்கும். கேரளமும் தமிழ்நாடும் இதனால் பயன் அடைந்த மாநிலங்கள்.

ஆக, அந்த 152 என்பது எம்.எல்.ஏ. வீட்டுச் சொத்து அல்ல. ஆயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் ஒன்றரை லட்சம் மக்களின் சார்பாக அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஒன்றரை லட்சத்தில் கரமனையில் வாடகை வீட்டில் இருக்கும் தமிழனும் உண்டு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் தமிழனும் உண்டு. ஒப்படைத்த பொருளை எப்படிச் செலவிட்டாய் என்று கேட்க ஒப்படைத்தவனுக்கு உரிமை இருக்கிறது.

1969-ல் நடந்தது என்ன?

ஜனாதிபதித் தேர்தலில் எப்படி ஓட்டுப் போடுவது என்று நாடு முழுவதும் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் தலையைப் பிய்த்துக்கொண்ட ஆண்டு 1969. அந்த ஆண்டு மே 3-ந் தேதி ஜனாதிபதி ஜாகீர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். காங்கிரஸ் கட்சியின் மேலிடம் நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளர் ஆக்கியது. பிரதமர் இந்திரா காந்திக்கு இதில் விருப்பம் இல்லை. ஆனாலும் ரெட்டியின் வேட்பு மனுவில் கையெழுத்திட்டார். ஜூலை 19-ந் தேதி 14 பாங்குகள் தேசியமயமாக்கப்பட்டன. மறுநாள், துணை ஜனாதிபதியாகவும் தற்காலிக ஜனாதிபதியாகவும் இருந்த வி.வி.கிரி அந்தப் பொறுப்புகளைத் துறந்து சுயேச்சையாகக் களத்தில் நின்றார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி.டி.தேஷ்முக்கை ஆதரித்தன.

கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, ரெட்டிக்கு இரண்டாவது விருப்ப ஓட்டுக் கிடைப்பதற்காக ஜனசங்க, சுதந்திராக் கட்சித் தலைவர்களைச் சந்தித்துப் பேசினார். இதைக் காரணம் காட்டி, மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்ற குரலை இந்திரா காந்தியின் அணி எழுப்பியது. ஆகஸ்டு 16-ந் தேதி ஓட்டுப்பதிவு நடந்தது. 20-ந் தேதி எண்ணியபோது முதல் சுற்றில் யாருக்கும் தேவையான ஓட்டுக் கிடைக்கவில்லை. கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. இரண்டாவது விருப்ப ஓட்டுகளைச் சேர்த்த பிறகு கிரி 4,20,077 பெற்று வென்றார். ரெட்டிக்குக் கிடைத்தது 4,05,427. வித்தியாசம் 14,650. இன்றைய கேரளக் கணக்கில் 97 எம்.எல்.ஏ.க்களின் ஓட்டைவிடக் குறைவு!

திருவனந்தபுரத்துத் தமிழர்கள் இந்தத் தேர்தலை இரு பக்கமும் இழுக்கும் மனத்தோடு பார்த்திருப்பார்கள். காமராஜர் அந்த ஆண்டு ஜனவரியில்தான் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று எம்.பி. ஆகியிருந்தார். அவர் ரெட்டியின் பக்கம். தமிழ்நாட்டை ஆண்ட தி.மு.க. கிரியின் பக்கம். கேரளத்தில் முதல் மந்திரியாக இருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கட்சியும் கிரியின் பக்கம். கிரி ஆந்திரத் தலைவர் என்றாலும் கேரளத்துக்குப் புதியவர் அல்லர். 1960 முதல் 1965 வரை இங்கே கவர்னராக இருந்தவர். ரெட்டியும் ஆந்திரர். ஊரையும் மொழியையும் வைத்து முடிவு செய்ய அங்கே வழி இல்லை. ஆகவே, ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. அவருடைய நடத்தையைப் பார்க்க வேண்டியிருந்தது.

"மனச்சாட்சி ஓட்டு" என்ற சொல் அழகானது. ஆனால் அன்று அது முழுக்க முழுக்க மனச்சாட்சியாக மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் கட்சி மேலிடத்தின் அதிகாரம். மறுபக்கம் பிரதமரின் அதிகாரம். எந்த அதிகாரத்தின் நிழலில் ஒதுங்குவது என்று கணக்குப் போட்டவர்களும் பலர். நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. ஆயினும், அந்தத் தேர்தல் ஒரு உண்மையை நாட்டுக்கு எடுத்துக் காட்டியது. கட்சி சொன்னால் போதும், எம்.எல்.ஏ. யோசிக்க வேண்டியதில்லை என்பது சட்டமும் அல்ல, மரபும் அல்ல.

ரெயில்வே தொழிலாளியின் தலைவர்

கிரியின் கதையில் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் இன்னொரு பாடம் இருக்கிறது. அவர் ரெயில்வே தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். அகில இந்திய ரெயில்வே தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். நேரு மந்திரிசபையில் தொழிலாளர் நல மந்திரியாக இருந்தபோது, பாங்கு ஊழியர்களின் சம்பளம் பற்றிய அப்பீல் டிரிபியூனல் தீர்ப்பை அரசாங்கம் மாற்றியது. அதை ஒப்புக்கொள்ள மனம் இல்லாமல் 1954-ல் மந்திரி பதவியை விட்டு விலகினார். நாற்காலியைவிடக் கொள்கை பெரிது என்று ஒரு முறையாவது காட்டியவர் என்று அவரைப் பற்றித் துணிந்து சொல்லலாம்.

ஆனால், 1974-ம் ஆண்டு மே மாதம் நாடு தழுவிய ரெயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. சுமார் மூன்று வாரம் நீடித்த அந்தப் போராட்டம் கடுமையாக அடக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கைது செய்யப்பட்டனர். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தனர். குவார்ட்டர்சை விட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அப்போது ஜனாதிபதி மாளிகையில் இருந்தவர் அதே கிரிதான். தம் வாழ்நாளின் பெரும் பகுதியை ரெயில்வே தொழிலாளிக்காகச் செலவிட்டவரால் அந்த மே மாதத்தில் அந்த அடக்குமுறையைத் தடுக்க முடியவில்லை.

இதை வைத்து அவரை ஏசுவது நியாயம் ஆகாது. ஜனாதிபதி நாட்டை ஆள்பவர் அல்லர். மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். சம்பளத்தைக் கூட்டுவதும் வேலை கொடுப்பதும் அவர் கையில் இல்லை. "எங்கள் தொழிலுக்காரர் வந்தால் எங்களுக்கு நல்லது செய்வார்" என்று எதிர்பார்ப்பவன் ஏமாந்துபோவான். அப்படியானால் அவர் கையில் என்னதான் இருக்கிறது?

பைலைத் திருப்பி அனுப்பும் அதிகாரம்

ஆபீசில் வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கு இதை எளிதாக விளக்கலாம். மேலதிகாரியிடம் இருந்து ஒரு பைல் வருகிறது. அதில் விதிக்குப் புறம்பான உத்தரவு இருப்பதாகப் பொறுப்பில் இருப்பவருக்குத் தோன்றுகிறது. அவர் அதைக் கிழித்துப் போட முடியாது. தம் இஷ்டப்படி வேறு உத்தரவு எழுதவும் முடியாது. ஆனால் "இன்ன விதிக்கு இது முரணாக இருக்கிறது; மறுபரிசீலனை செய்யவும்" என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பலாம். மறுபடியும் அதே உத்தரவு வந்தால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். ஜனாதிபதியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. 1976-ல் வந்த 42-வது அரசியல் சட்டத் திருத்தம் மந்திரிசபையின் ஆலோசனைக்கு அவரை அடியோடு கட்டிப் போட்டது. 1978-ல் வந்த 44-வது திருத்தம், ஒரு முறை திருப்பி அனுப்பலாம் என்று வழிவிட்டது.

ஒரு முறை திருப்பி அனுப்புவதால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். அந்த ஒரு நாள், இரண்டு நாள் தாமதத்தில் பத்திரிகைகள் எழுதும். பார்லிமெண்டில் கேள்வி எழும். மந்திரிகளே வெட்கப்பட்டுப் பின்வாங்கக் கூடும். 1975-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி இரவு நெருக்கடி நிலைப் பிரகடனம் ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமதுவின் கையெழுத்துக்கு வந்தது. மந்திரிசபை அதுவரை கூடவே இல்லை. மறுநாள் காலையில்தான் கூடியது. "மந்திரிசபையின் முடிவு எங்கே?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரவோடு இரவாகத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். மந்திரிசபையின் முடிவு எழுத்து மூலம் வந்தால் ஒழிய இத்தகைய பிரகடனத்தில் கையெழுத்திடக் கூடாது என்று பிறகு சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஆகவே, ஜனாதிபதி பதவிக்கு நிற்பவரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்ப்பவரா? தவறு என்று தெரிந்தால் திருப்பி அனுப்பும் துணிவு உள்ளவரா?

"நம்மவர்" தேர்தல்கள் மூன்று

தமிழ்நாடும் கேரளமும் நேருக்கு நேர் மோதியதுபோலத் தோன்றிய ஜனாதிபதித் தேர்தல்கள் மூன்று.

முதலாவது 1987-ல். காங்கிரஸ் வேட்பாளர் ஆர்.வெங்கட்ராமன், தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைக்கு அருகில் உள்ள ராஜாமடத்துக்காரர். இடதுசாரிகள் உள்ளிட்ட எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்; 1952-ல் சென்னை சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தவர்; 1957-ல் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் மந்திரி, பிறகு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி. இருவருமே வக்கீல்கள், இருவருமே தொழிலாளர் வழக்குகளில் பழகியவர்கள். இதில் யார் நம்மவர்? தமிழ்நாட்டுத் தமிழரா, கேரளத்துத் தமிழரா? கேட்கக் கேட்கக் குழப்பமே மிஞ்சும். வெங்கட்ராமன் 7,40,148 ஓட்டுப் பெற்று வென்றார், கிருஷ்ணய்யருக்கு 2,81,550.

தமிழர் ஒருவர் ஜனாதிபதி ஆனதில் தமிழர்கள் மகிழ்ந்தார்கள், அது இயற்கை. ஆனால் 1991-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, சந்திரசேகர் மந்திரிசபையின் ஆலோசனைப்படி, தமிழ்நாட்டில் கருணாநிதியின் தி.மு.க. ஆட்சியைக் கலைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டவர் அவரே. கவர்னர் பர்னாலா அதற்கு அறிக்கை தர மறுத்துவிட்டார். கவர்னரின் அறிக்கை இல்லாமலும் வேறு வகையில் திருப்தி அடைந்தால் கலைக்கலாம் என்று சட்டத்தில் உள்ள வாசகம் பயன்பட்டது. கலைப்பு சரியா தவறா என்பதில் தமிழ்நாட்டிலேயே இரண்டு கருத்து இருந்தது. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். தமிழர் ஜனாதிபதியாக இருந்தால் தமிழ்நாட்டு அரசுக்கு ஒரு கவசம் என்ற நம்பிக்கை மட்டும் அன்றோடு போயிற்று.

இரண்டாவது 1997-ல். கோட்டயம் மாவட்டம் உழவூரில் ஏழை தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர்.நாராயணன் ஒரு பக்கம். பாலக்காட்டுத் தமிழரும், தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்து தேர்தல் முறைகேடுகளைக் கலங்கடித்தவருமான டி.என்.சேஷன் மறுபக்கம். நாராயணன் 9,56,290 ஓட்டுப் பெற்றார், சேஷனுக்கு 50,631. வெற்றி பெற்ற சில மாதங்களிலேயே நாராயணனுக்குச் சோதனை வந்தது. 1997 அக்டோபரில் உத்தரபிரதேசத்தில் கல்யாண்சிங் ஆட்சியைக் கலைக்க குஜ்ரால் மந்திரிசபை பரிந்துரை செய்தது. நாராயணன் அதைத் திருப்பி அனுப்பினார், மந்திரிசபை கைவிட்டது. 1998-ல் பீகாரில் ராப்ரிதேவி ஆட்சியைக் கலைக்க வாஜ்பாய் மந்திரிசபை செய்த பரிந்துரையையும் திருப்பி அனுப்பினார். முதலாவது, பாரதீய ஜனதா ஆட்சி. இரண்டாவது, பாரதீய ஜனதாவை எதிர்த்தவர்களின் ஆட்சி. இரண்டுக்கும் ஒரே அளவுகோல். இரண்டும் கேரளமும் அல்ல, தமிழ்நாடும் அல்ல. ஆனால் மாநில ஆட்சியைக் கலைப்பது விளையாட்டு அல்ல என்று நிலைநாட்டியதால் எல்லா மாநிலங்களுக்கும் அவர் கவசம் ஆனார். மொழியைப் பார்த்து மட்டும் முடிவு செய்திருந்தால், இப்படிப்பட்ட ஜனாதிபதியைத் தமிழர்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்க நேர்ந்திருக்கும்.

மூன்றாவது 2002-ல். ராமேசுவரத்தில் பிறந்து, தும்பாவில் ராக்கெட்டோடு பல ஆண்டுகள் வாழ்ந்த அப்துல் கலாமை இந்த ஊர்த் தமிழர்களும் மலையாளிகளும் ஒரேபோலச் சொந்தம் கொண்டாடினார்கள். அவரை எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்தியது கேப்டன் லட்சுமியை. சென்னையில் பிறந்து, சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். தாய் வழியில் பாலக்காட்டு ஆனக்கரைக் குடும்பம். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையை நடத்தியவர். கலாமுக்கு 9,22,884 ஓட்டு, லட்சுமிக்கு 1,07,366.

கலாமின் பதவிக்காலத்தில் இரண்டு கையெழுத்துகள் நினைவில் வைக்கத் தக்கவை. 2005 மே மாதம், அவர் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார் சட்டசபையைக் கலைக்கும் உத்தரவு அவசர அவசரமாக இரவில் அவரிடம் போனது, கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சுப்ரீம் கோர்ட்டு பின்னர் கூறியது. 2006-ல், ஆதாயப் பதவி பற்றிய மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார்; பார்லிமெண்ட் மீண்டும் நிறைவேற்றிய பிறகே கையெழுத்திட்டார். மக்கள் மிகவும் நேசித்த ஒருவருக்கே ஒரு நாள் அப்படியும் ஒரு நாள் இப்படியும் நேர்ந்தது. நல்லவர் என்பது மட்டும் போதாது. நள்ளிரவில் பைல் வந்தாலும் "காலையில் பார்க்கலாம்" என்று சொல்லும் உறுதியும் வேண்டும்.

சொந்த ஊர்க்காரர் உயர்ந்தால் பெருமைப்படுவதில் தவறு இல்லை. அயல் மாநிலத்தில் இருப்பவனுக்கு அந்தப் பெருமை சற்று அதிகமாகவே தேவைப்படும். ஆனால் அந்தப் பெருமையை ஓட்டுக்கு அளவுகோலாக வைத்தால், அதே அளவுகோலை மற்றவர்களும் எடுப்பார்கள். எண்ணிக்கையில் சிறிய மாநிலங்களும், ஒரு மாநிலத்துக்குள் சிறுபான்மையாக இருப்பவர்களும் அப்போது தோற்றே தீருவார்கள். கேரளத்தில் மொழிச் சிறுபான்மையாக வாழும் தமிழன், "நம்மவருக்கே நம் ஓட்டு" என்ற கோஷத்தை வளர்ப்பது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது ஆகும்.

கொறடா இல்லாத ஓட்டு

"கட்சி சொல்லும், எம்.எல்.ஏ. குத்துவார். இதில் நாம் கேட்டு என்ன ஆகப்போகிறது?" என்ற கேள்வி நியாயமானதே. பெரும்பாலும் நடப்பதும் அதுதான். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் கட்சிகள் கொறடா உத்தரவு போட முடியாது என்று தேர்தல் கமிஷனே தெளிவுபடுத்தியிருக்கிறது. கட்சி சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டதற்காகக் கட்சித் தாவல் சட்டத்தின் கீழ் பதவியைப் பறிக்க முடியாது. ஓட்டுச் சீட்டை யாரிடமும் காட்டவும் கூடாது, ரகசிய ஓட்டு.

இந்த ரகசியம் வெறும் ஏட்டளவில் உள்ளது அல்ல என்பதற்குக் கேரளமே சாட்சி. 2022-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி நடந்த தேர்தலில் இங்கே ஆளுங்கட்சி அணி, எதிர்க்கட்சி அணி இரண்டும் யஷ்வந்த் சின்காவை ஆதரித்தன. பாரதீய ஜனதாவுக்கு அந்தச் சட்டசபையில் ஓர் உறுப்பினரும் இல்லை. ஆகவே 140 ஓட்டும் சின்காவுக்கே என்று எல்லோரும் எழுதிவைத்தார்கள். எண்ணியபோது 139-தான் அவருக்கு. ஒன்று திரௌபதி முர்முவுக்கு! பழங்குடிப் பெண் ஒருவர் நாட்டின் உச்சப் பதவிக்கு வரட்டும் என்று ஒருவர் நினைத்தாரா, வேறு காரணமா, யாருக்கும் தெரியாது. அந்த ஓட்டு சரியா தவறா என்பது வேறு விஷயம். 140 பேரில் ஒருவர் தாமாக முடிவு செய்தார் என்பது மட்டும் உறுதி.

எல்லா உறுப்பினர்களும் இவ்வளவு அக்கறையோடு ஓட்டுப் போடுகிறார்கள் என்று சொல்லவும் முடியாது. தேர்தல் கமிஷன் தரும் பேனாவால் பெயருக்கு எதிரே 1, 2 என்று விருப்பத்தை எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்திய மொழிகளின் எண் வடிவத்தில் எழுதவும் அனுமதி உண்டு. ஆகவே தமிழ் எண்ணிலும் எழுதலாம். இவ்வளவு எளிதாக இருந்தும் 2017-ல் 77 ஓட்டுகளும், 2022-ல் 53 ஓட்டுகளும் செல்லாதவை ஆயின. 2022-ல் செல்லாமல் போனவற்றில் 15 ஓட்டு எம்.பி.க்கள் போட்டவை. அன்று எம்.பி. ஒருவரின் ஓட்டு மதிப்பு 700. கைநாட்டு வைக்கும் தொழிலாளி பொதுத்தேர்தலில் பிழை இல்லாமல் பொத்தானை அமுக்கிவிட்டு வருகிறான். அவனுடைய பிரதிநிதிக்கு "1" என்று ஒழுங்காக எழுத வரவில்லை என்றால், கேட்பார் இல்லை என்ற அலட்சியமே காரணம்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில், ஓட்டர் பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிழைப்புக்காக வந்தவர்களில் பலருடைய பெயர் ஊரிலும் நீக்கப்பட்டு, இங்கும் சேர்க்கப்படாமல் அந்தரத்தில் இருக்கிறது. 2022-ல், தமிழ்நாட்டு எம்.பி. ஒருவரும் உத்தரபிரதேச எம்.எல்.ஏ. ஒருவரும் முன் அனுமதி பெற்றுத் திருவனந்தபுரத்திலேயே ஜனாதிபதித் தேர்தல் ஓட்டைப் போட்டார்கள். எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் உள்ள இந்த வசதி மூட்டைத் தொழிலாளிக்கு இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர் இருந்த இடத்திலேயே ஓட்டுப் போட ஒரு யந்திரத்தைத் தேர்தல் கமிஷன் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்தது, கட்சிகள் இணங்கவில்லை. எனவே ஒன்று இங்கே, அல்லது ஊரில் என்று தீர்மானித்தே ஆக வேண்டும். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்ட விரோதம்.

குடும்பத்தோடு இங்கேயே தங்கி, பிள்ளைகளை இங்கே படிக்க வைப்பவர்கள் இங்கே பதிவு செய்துகொள்வதே பொருத்தம். புதிதாகச் சேர 6-ம் எண் படிவம். குடிபெயர்ந்ததைத் தெரிவிக்க 8-ம் எண் படிவம். வாரம் தவறாமல் ஊருக்குப் போய் வருபவர்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். இங்கே பதிந்தால் 152 மதிப்புள்ள ஓட்டில் பங்கு. அங்கே பதிந்தால் 176 மதிப்புள்ள ஓட்டில் பங்கு. இரண்டும் இல்லாதவனுக்கு எதிலும் பங்கு இல்லை.

அடுத்து, கேட்க வேண்டும். வேட்பாளர்கள் யார் என்று தெரிந்ததும், தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு தபால் கார்டு எழுதுவதற்குக் கட்சியும் தேவையில்லை, சிபாரிசும் தேவையில்லை. தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பொதுக்கூட்டத்துக்கு எம்.எல்.ஏ.வை அழைக்கும்போது, மாலை போட்டு அனுப்புவதோடு நிறுத்தாமல் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த வேட்பாளர் தம்மை ஆளாக்கிய கட்சிக்கு எப்போதாவது "முடியாது" என்று சொன்னதுண்டா? வகித்த பதவிகளில் விதியைப் பார்த்து நடந்தாரா, மேலிடத்தின் முகத்தைப் பார்த்து நடந்தாரா? மாநில ஆட்சியைக் கலைக்கும் பைல் வந்தால் என்ன செய்வார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

பதில் சொல்லாமல் நழுவும் எம்.எல்.ஏ.க்களே அதிகம் இருப்பார்கள். இருக்கட்டும். கேள்வி கேட்கப்பட்டது என்பதே அவர் மனத்தில் ஒரு முள்ளாக உறுத்தும். ஓட்டுச் சீட்டின் முன் தனியாக நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் கொறடாவும் இல்லை, தலைவரும் இல்லை. அவருக்கு ஓட்டுப் போட்டு அனுப்பியவனின் கேள்வியாவது அங்கே கூட இருக்க வேண்டும். அதை அனுப்பி வைப்பது சாலைக் கடைத்தெருத் தொழிலாளியாலும் முடியும். தம்பானூர் குமாஸ்தாவாலும் முடியும்.